ஆள் வருகிறார்களா, இடம் காலியா: வடசென்னையிலிருந்து ஜெர்மன் பணிவுரை கற்றல்

ஜெர்மனிக்குச் செவிலியராகவோ, தொழில்நுட்பப் பணியாளராகவோ, அங்கே பணியாற்றுபவரின் வாழ்க்கைத் துணையாகவோ செல்ல ஆயத்தமாகும் ஒருவர், வகுப்பில் சேர்ந்த முதல் சில வாரங்களிலேயே பொது இடத்தில் முன்பின் அறியாதவரிடம் பேசுவதற்குரிய நிலைத்த தொடர்கள் சிலவற்றை மனப்பாடம் செய்கிறார். ரயிலில் பக்கத்து இருக்கையைச் சுட்டிக்காட்டி, அங்கே உட்காரலாமா என்று கேட்பதற்குரிய ‘எண்ட்ஷுல்டிகுங், இஸ்ட் ஹியர் நோஹ் ஃப்ரை?’ என்பது அவற்றுள் ஒன்று. ‘மன்னிக்கவும், இங்கே இன்னும் இடம் காலியாக இருக்கிறதா?’ என்பது அதன் பொருள். ஐந்தே சொற்களாலான இந்தத் தொடரில் வினைத்திரிபு கடினமில்லை, வேற்றுமைச் சிக்கல் எதுவும் இல்லை. ஆயினும் ராயபுரத்திலிருந்தோ திருவொட்டியூரிலிருந்தோ செல்லும் ஒருவர் இதைச் சொல்லும்போது இடறக்கூடிய இடங்கள் பல உண்டு. அந்த இடங்கள், பாடநூல்கள் எண்ணிக்கொள்வதுபோல் இலக்கணத்தில் இல்லை, ஏனெனில் ஜெர்மன் மொழியின் மரியாதை இலக்கணம் தமிழருக்கு ஏறத்தாழ வீட்டு இலக்கணம். அயலாரை யாராக வைத்துப் பேசுவது என்ற வழக்கத்திலும், இரு மொழிகளுக்கும் நடுவே தரகராக நிற்கும் ஆங்கிலத்திலும்தான் இடறல் நிகழ்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தக் கல்வி இன்று பொழுதுபோக்குக்குரியது அன்று. 2007 ஆகஸ்ட் 28 முதல், ஜெர்மனியில் வாழும் கணவருடனோ மனைவியுடனோ சேர விரும்புபவர், சில விலக்குகள் நீங்கலாக, விசா பெறுவதற்கு முன்பே ஜெர்மன் மொழியில் ‘ஏ1’ நிலையை எட்டியிருக்க வேண்டும். ‘ஏ1’ என்பது ஐரோப்பிய மொழித்தகுதி அளவுகோலில் உள்ள ஆறு படிகளுள் முதற்படியாகும். செவிலியராகப் பதிவு பெறப் பெரும்பாலும் நான்காம் படியான ‘பி2’ வேண்டும். 2024 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த ‘வாய்ப்பு அட்டை’, அதாவது ஜெர்மனிக்குச் சென்று அங்கிருந்தபடியே வேலை தேட இடம்தரும் அனுமதி, குறைந்தது ‘ஏ1’ ஜெர்மன் அல்லது ‘பி2’ ஆங்கிலம் கேட்கிறது. இந்தியத் திறன் பணியாளருக்கு ஆண்டுதோறும் வழங்கும் விசாக்களை 20,000இலிருந்து 90,000ஆக உயர்த்துவதாக அந்நாட்டு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. 1978இல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் செவிலியருக்கு ஜெர்மன் பயிற்சியை ஏற்பாடு செய்துவருகிறது. ஸ்டான்லி மருத்துவமனையும் பெரிய மகப்பேறு மருத்துவமனையும் இருக்கிற, வாகன ஆலைகளும் வார்ப்பாலைகளும் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளரை வளர்த்த பகுதியில், இந்தச் செய்திகள் செவிலியரையும் ஐடிஐ படித்தவரையும் எட்டுவது இயல்பே.

வடசென்னைக்கும் ஜெர்மன் மொழிக்கும் உள்ள பழைய உறவை எண்ணும்போது பெரும்பாலோர் நினைவுக்கு வருவது 1914 செப்டம்பர் 22 இரவில் துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுவீசி எரித்த ‘எம்டன்’ என்னும் ஜெர்மன் போர்க்கப்பலே. ஒரு ஜெர்மன் ஊரின் பெயர், கப்பலின் பெயராகி, சென்னைத் தமிழில் ‘அவன் பெரிய எம்டன்’ என்று எதற்கும் அஞ்சாத கெட்டிக்காரனைக் குறிக்கும் சொல்லாகிப் போனது. பொது இடப் பணிவுக்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பு எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

பணிவுரையோடு நேரடித் தொடர்புடைய வரலாறு அதற்கும் இரு நூற்றாண்டு முந்தியது. அதில் கற்றவர்கள் தமிழர் அல்லர், ஜெர்மானியர். தரங்கம்பாடியில் 1706 ஜூலையில் கரையிறங்கிய மதபோதகர் சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் லத்தீன் மொழியில் அச்சானது. அவருக்குப் பின் வந்த பெஞ்சமின் ஷூல்ட்சே 1726இல் சென்னைக்கு வந்து, இன்றைய ஜார்ஜ் டவுனை ஒட்டிய அன்றைய கருப்பர் நகரில் பள்ளி நடத்தினார். 1743இல் ஊர் திரும்பிய அவர், 1750இல் ஹாலேயில் சென்னையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். முப்பது உரையாடல்களால் ஆன அந்த நூல், முதலில் தெலுங்கில் எழுதப்பட்டது. நகரின் நடப்புகளை உரையாடலாகவே சொல்லும் அதன் வடிவம், இன்று வெளிநாடு செல்பவர் கையில் வைத்திருக்கும் பேச்சுக் கையேட்டின் மூதாதை என்று கொள்ளத் தக்கது. தனிச்சொற்களைக் காட்டிலும் ‘யார் யாரிடம் எப்படிக் கேட்பது’ என்பதே அயல்மொழிக்காரருக்கு முதல் தேவை என்று ஷூல்ட்சே கண்டிருக்கிறார். அவருக்கு அடுத்துச் சென்னையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வாழ்ந்த பெப்ரீசியஸ் 1779இல் வேப்பேரியில் அச்சிட்ட தமிழ்–ஆங்கில அகராதி சொற்களின் பக்கம் நிற்கிறது. இன்றைய பாடத்திட்டங்கள் பெரிதும் பெப்ரீசியஸின் வழியில் செல்கின்றன. பொது இடப் பேச்சைப் பொறுத்தவரை ஷூல்ட்சேயின் வழியே பயன் மிக்கது.

ஜெர்மன் மொழியில் முன்னிலைக்கு இரு வடிவங்கள் உண்டு. வீட்டாரையும் நண்பரையும் குழந்தைகளையும் ‘டூ’ என்றும், மற்றவரை ‘ஸீ’ என்றும் அழைப்பர். ‘ஸீ’ உண்மையில் ‘அவர்கள்’ என்னும் படர்க்கைப் பன்மையே. எதிரில் நிற்கும் ஒருவரைப் பன்மையாக்கி, படர்க்கைக்கும் தள்ளி வைத்து மரியாதை செய்கிறது அம்மொழி. ‘ஸீ கொம்மன்’ என்றால் ‘அவர்கள் வருகிறார்கள்’ என்றும் ‘நீங்கள் வருகிறீர்கள்’ என்றும் பொருள்படும். எழுத்தில் முதலெழுத்தைப் பெரிதாக்கி வேறுபடுத்துவர். ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்கு இது விசித்திரமாகப் படும். தமிழருக்கோ, ஆசிரியர் வருவதை ‘அவங்க வராங்க’ என்று சொல்லும் அதே மனப்போக்கு இது. ஒருவரைப் பன்மையால் சுட்டும் வழக்கத்தைத் தொல்காப்பியமே கண்டு சொல்கிறது. அது உலக வழக்கில் உயர்த்திச் சொல்வதாக உண்டு, இலக்கண முறைமையில் இல்லை என்று பிரித்தும் வைக்கிறது. ஜெர்மனியில் ‘ஸீ’ மரியாதை முன்னிலையாக நிலைபெற்றது 18ஆம் நூற்றாண்டில், அதாவது ஷூல்ட்சேயும் பெப்ரீசியஸும் சென்னையில் பணியாற்றிக்கொண்டிருந்த காலத்தில்தான். அதற்கு முன் ‘ஈர்’ என்னும் முன்னிலைப் பன்மை மரியாதைக்கு வழங்கியது; கீழ்நிலையினராகக் கருதப்பட்டவரை ‘ஏர்’, அதாவது ‘அவன்’ என்று படர்க்கை ஒருமையால் விளிக்கும் வழக்கமும் இருந்தது. தமிழிலும் நீ, நீர், நீங்கள், தாங்கள் என்ற படிகள் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைத்ததில்லை. கூலித் தொழிலாளிக்கு ‘வாங்க’ கிடைத்தது நெடிய சமூகப் போராட்டத்தின் பலன். இந்த வரலாற்று அனுபவம் உடையவருக்கு ‘டூ’, ‘ஸீ’ வேறுபாட்டின் கனத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

கேட்பதன் இலக்கணமும் தமிழில் பழையது. ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களும் இரப்பதற்கு உரியவை என்றும், ‘ஈ’ என்பது தன்னை விட உயர்ந்தவரிடம் தாழ்ந்தோன் கேட்பது, ‘தா’ ஒத்தவரிடம் கேட்பது, ‘கொடு’ உயர்ந்தோன் கேட்பது என்றும் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியல் வரையறுக்கிறது. ஆங்கிலத்தில் உள்ளதுபோல் எந்தக் கோரிக்கையோடும் ஒட்டிக்கொள்ளும் ஒரு தனிப் பணிவுச்சொல் தமிழ்ப் பேச்சில் வளரவில்லை என்பது அதன் மறுபக்கம். ‘தயவுசெய்து’ என்பது அறிவிப்புப் பலகைக்கும் ஒலிபெருக்கிக்கும் உரியது. தேரடியில் பேருந்துக்குக் காத்திருக்கும் எவரும் பக்கத்தில் இருப்பவரிடம் அதைச் சொல்வதில்லை. ஆனால் பணிவு இல்லாமல் இல்லை. ‘கொடுங்க’ என்பதில் வரும் ‘ங்க’, ‘கொடுங்களேன்’ என்பதில் வரும் ஏகாரம், ‘கொடுக்கிறீங்களா’ என்ற வினாவடிவம், ‘கொஞ்சம்’, ‘ஒரு வாட்டி’ என்னும் தணிப்புச் சொற்கள், இவை எல்லாம் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன.

இங்கேதான் எதிர்பாராத ஒற்றுமை ஒன்று தென்படுகிறது. ஜெர்மன் பேச்சில் கோரிக்கைகளைத் தணிக்க ‘மால்’ என்றொரு சிறு சொல் இடையில் வரும். ‘ஒரு தடவை’ என்னும் பொருளுடைய ‘ஐன்மால்’ என்பதன் தேய்வு அது. ‘கொம்மன் ஸீ பிட்டெ மால்’ என்றால் ஒரு தடவை வாருங்கள் என்று எண்ணிக்கை சொல்வதாகாது. ‘கொஞ்சம் வாங்க’ என்பதன் நேர்ப்பொருள் அது. ‘ஒரு வாட்டி வந்து பாத்துட்டுப் போங்க’ என்று ராயபுரத்துக் குழாய் ரிப்பேர்க்காரரிடம் சொல்பவர் எத்தனை முறை என்று கணக்குச் சொல்லவில்லை என்பது கேட்பவருக்குத் தெரியும். ஜெர்மானிய இலக்கண ஆசிரியர்கள் ‘தொனி இடைச்சொல்’ என்று வகைப்படுத்தி, அயல்நாட்டு மாணவர் கற்க மிகக் கடினமானது என்று எச்சரிக்கும் சொல்வகையுள் இது ஒன்று. தமிழ் மாணவருக்கு இதை ஆங்கிலத்தின் வழியே விளக்கும் ஆசிரியர் அரை மணி நேரத்தை வீணாக்குகிறார். ‘கொஞ்சம்’ என்று சொல்லிவிட்டால் அரை நிமிடத்தில் முடியும்.

அப்படியானால் இடறல் எங்கே? கல்மண்டபத்தில் ஏறி எண்ணூர்ப் பக்கம் போகும் பேருந்தில் ஒருவர் காலி இருக்கையைக் காண்கிறார். ‘அண்ணா, ஆள் வராங்களா?’ என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறார். பெண்ணாக இருந்தால் ‘அக்கா’, வயது கூடியவராக இருந்தால் ‘அம்மா’, இன்னும் கூடினால் ‘ஆயா’. ‘இல்ல, உக்காருங்க’ என்று விடை வருகிறது. இந்த ஒரு சிறு பரிமாற்றத்தில் ஜெர்மன் தொடரோடு முரண்படும் இரு இடங்கள் உள்ளன.

முதலாவது, விளி. தமிழர் முன்பின் அறியாதவரின் கவனத்தைத் திருப்ப அவரை உறவினராக்குகிறார். ‘அண்ணா’ என்ற சொல், ‘உங்களை எனக்குத் தெரியாது’ என்ற உண்மையை ஒதுக்கிவைத்து, ‘நாம் ஒரு வீட்டார்’ என்ற பாவனையை நிறுவுகிறது. ஜெர்மன் மொழியில் அறியாதவரை அழைக்க உறவுச்சொல் இல்லை. ‘ஐயா’ என்பதற்கு நிகரான, தெருவில் பயன்படும் பொதுவிளியும் இன்று வழக்கில் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்புவதுதான் ‘எண்ட்ஷுல்டிகுங்’ என்னும் மன்னிப்புச் சொல். அதைச் சொல்பவர் தவறு எதுவும் செய்துவிடவில்லை. உங்கள் தனிமையில் குறுக்கிடுகிறேன் என்பதை ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்குகிறார். ஆகவே தமிழில் ‘அண்ணா’ நிற்கும் இடத்தில்தான் ஜெர்மனில் ‘எண்ட்ஷுல்டிகுங்’ நிற்கிறது என்று கற்பித்தால் மாணவர் அதை விடாமல் சொல்வார். ‘மன்னிக்கவும்’ என்று மட்டும் மொழிபெயர்த்துக் கொடுத்தால், தவறே செய்யாதபோது ஏன் மன்னிப்பு என்று அதைத் தேவையற்றதாக எண்ணி விட்டுவிடுவார். விட்டுவிட்டால் எஞ்சும் ‘இஸ்ட் ஹியர் நோஹ் ஃப்ரை?’ என்பது தவறான தொடர் அன்று, ஆனால் சற்று மொட்டையாக ஒலிக்கும்.

இந்த வேறுபாட்டுக்குக் கோட்பாட்டு விளக்கமும் உண்டு. அதில் தமிழுக்கு நேரடிப் பங்கு உண்டு. பெனிலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகிய இருவரும் 1978இல் வெளியிட்டு 1987இல் தனிநூலாக்கிய பணிவுக் கோட்பாடு, ஆங்கிலம், மெக்சிகோவின் ட்செல்டால், கோயம்புத்தூர் மாவட்டக் கிராமத் தமிழ் ஆகிய மூன்று மொழிகளின் பேச்சை அடிப்படையாகக் கொண்டது. ஒவ்வொருவருக்கும் ‘முகம்’ உண்டு என்பது அதன் தொடக்கப் புள்ளி. தன்னைப் பிறர் ஏற்க வேண்டும், தமக்கு வேண்டியவராக நடத்த வேண்டும் என்ற விருப்பம் முகத்தின் ஒரு பக்கம். தன்னைப் பிறர் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும் என்ற விருப்பம் மறுபக்கம். முதல் பக்கத்தை நோக்கிப் பேசுவதை அணைவுப் பணிவு என்றும், இரண்டாம் பக்கத்தை நோக்கிப் பேசுவதை விலகல் பணிவு என்றும் தமிழில் சொல்லலாம். ‘முகம் கொடுத்துப் பேசு’ என்றும் ‘முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டான்’ என்றும் வழங்கும் தமிழருக்கு இந்தக் கலைச்சொல் அன்னியமாகத் தோன்ற வாய்ப்பில்லை. பேருந்தில் ‘அண்ணா’ என்பது அணைவுப் பணிவு. ரயிலில் ‘எண்ட்ஷுல்டிகுங்’ என்பது விலகல் பணிவு. எந்த ஒரு சமூகமும் ஒன்றை மட்டும் கொண்டதில்லை. தமிழர் அதிகாரியின் அறைவாசலில் நின்று ‘சார், உள்ளே வரலாங்களா’ என்று கேட்பதும் விலகல் பணிவே. ஜெர்மன் பொது இடத்தில் அந்த அறைவாசல் எல்லா இடத்திலும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் பாதி வழக்கம் பிடிபட்டுவிடும்.

இரண்டாவது முரண் இன்னும் நுட்பமானது, பாடநூல்கள் பெரும்பாலும் காணாதது. ‘ஆள் வராங்களா?’ என்ற தமிழ் வினாவுக்கு ‘இல்லை’ என்ற விடை வந்தால் உட்காரலாம். ‘இங்கே இன்னும் காலியா?’ என்ற ஜெர்மன் வினாவுக்கு ‘யா’, அதாவது ‘ஆம்’ வந்தால்தான் உட்காரலாம். ‘நைன்’ வந்தால் வேறு இடம் பார்க்க வேண்டும். தமிழர் ஆளைப் பற்றிக் கேட்கிறார். ஜெர்மானியர் இடத்தைப் பற்றிக் கேட்கிறார். அமைதியான வகுப்பறையில் இது குழப்பாது. புறப்படப் போகும் ரயிலில், கையில் பெட்டியோடு, மனத்துக்குள் தமிழில் எண்ணிக்கொண்டு ஜெர்மனில் கேட்கும் ஒருவர், ‘யா’ என்ற விடையைக் கேட்டதும் ‘ஆமாம், ஆள் வருகிறார்கள்’ என்று கொண்டு பின்வாங்கவும், ‘நைன்’ கேட்டு ‘ஆளில்லை’ என்று உட்கார்ந்துவிடவும் வாய்ப்பு உண்டு. பின்னது நிகழ்ந்தால், கற்ற பணிவுரை முழுவதும் ஒரே கணத்தில் முரட்டுத்தனமாக மாறிப்போகும். இதனால்தான் ஒரு தொடரைக் கற்பது என்பதைச் சொல்லக் கற்பதாக மட்டும் கொள்ளக் கூடாது. வரக்கூடிய விடைகளைக் கேட்கக் கற்பது அதன் மறுபாதி. ‘யா, பிட்டெ’ என்றால் உட்காருங்கள். ‘நைன், லைடர் நிஹ்ட்’ என்றால் இல்லை, வருந்துகிறேன். ‘ஹியர் இஸ்ட் பெசெட்ஸ்ட்’ என்றால் இங்கே ஆள் உண்டு. இந்த மூன்று விடைகளையும் வினாவோடு சேர்த்து, வேகமாகவும் முணுமுணுப்பாகவும் ஒலிக்கவிட்டுப் பழக்கினால் போதும்.

இதே வகைப் பொறி ‘டாங்கெ’ என்னும் நன்றிச் சொல்லிலும் உள்ளது. இன்னும் கொஞ்சம் காபி வேண்டுமா என்று கேட்பவரிடம் ‘டாங்கெ’ என்று மட்டும் சொன்னால், ஜெர்மன் வழக்கில் அது ‘போதும், வேண்டாம்’ என்றே பொருள்படும். வேண்டும் என்றால் ‘யா, பிட்டெ’ அல்லது ‘யா, கெர்ன்’ என்று சொல்ல வேண்டும். நன்றி சொன்னதனால் காபி கிடைக்காமல் போகும் மொழி இது. கூடவே தமிழர் சம்மதத்துக்கு அசைக்கும் தலையசைப்பு, பக்கவாட்டில் ஆடுவதால், ஜெர்மானியர் கண்ணுக்கு மறுப்பாகத் தெரியக்கூடும். சொல்லும் தலையும் ஒன்றையொன்று உறுதிசெய்து, கேட்டவர் குவளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

‘பிட்டெ’ என்ற சொல் தனியே விரிவான பயிற்சி வேண்டுவது. கேட்பவர் சொன்னால் அது வேண்டுகோள், கொடுப்பவர் சொன்னால் ‘இந்தாங்க’, நன்றிக்கு விடையாக வந்தால் ‘இருக்கட்டும்’, ரொட்டிக் கடைக்காரர் உயரும் தொனியில் சொன்னால் ‘என்ன வேணும்’, ‘வீ பிட்டெ?’ என்றால் ‘என்ன சொன்னீங்க?’. ஆங்கிலத்தில் இவற்றுக்கெல்லாம் வேறு வேறு தொடர்கள் வேண்டும் என்பதால், ஆங்கிலத்தின் வழியே கற்பவர் ‘பிட்டெ’யை முதல் பொருளில் மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டு, கடைக்காரர் தன்னிடம் எதையோ கெஞ்சுகிறார் என்று திகைக்கிறார். தமிழ்ப் பேச்சில் ‘சொல்லுங்க’ என்ற ஒரே சொல், தொலைபேசியை எடுத்ததும், கடையில் வாடிக்கையாளர் வந்ததும், பேசிக்கொண்டிருப்பவரை ஊக்கவும் பயன்படுவதை நினைவூட்டினால் திகைப்பு நீங்கும்.

ஒலிப்பில் ஓரிடம் உற்று நோக்கத் தக்கது. உதவி கேட்கும் ‘கென்ட்டன் ஸீ மியர் பிட்டெ ஹெல்ஃபன்?’ என்ற தொடரின் முதல் உயிர், தமிழில் எழுத வராதது. நாக்கு ‘எ’ சொல்லும் நிலையில் இருக்க, உதடுகள் ‘ஒ’ சொல்வதுபோல் குவிய வேண்டும். ஜெர்மன் மகாகவியின் பெயரைத் தமிழில் கதே, கேத்தே, கோதே என்று ஆளுக்கொரு விதமாக எழுதிவருவது இந்த ஒலியின் நெடில் வடிவம் தந்த தொல்லையால்தான். உதட்டைக் குவித்துவிட்டு நாக்கையும் பின்னே இழுத்துக்கொண்டால் ‘கொன்ட்டன் ஸீ’ ஆகிவிடும். அதுவும் ஒரு ஜெர்மன் சொல்லே, ஆனால் இறந்தகாலம். ‘உங்களால் எனக்கு உதவ முடியுமா?’ என்பது ‘உங்களால் எனக்கு உதவ முடிந்ததா?’ என்று மாறிவிடுகிறது. பணிவின் பளு முழுவதும் இந்த ஓர் உயிரொலியில் தொங்குகிறது. ஏனெனில் ‘கென்ட்டன்’ என்பது உண்மையல்லாத, எண்ணிப்பார்க்கும் நிலையைச் சொல்லும் வினைவடிவம், அதாவது ‘முடியுமானால்’ என்ற ஐயத்தை உள்ளே வைத்துப் பேசுவது. சென்னைப் பேச்சில் வேணும் ‘வோணும்’ ஆவதும், பெட்டி ‘பொட்டி’ ஆவதும், பிள்ளை ‘புள்ள’ ஆவதும், முன்னுயிரைக் குவித்துப் பின்னே தள்ளும் பழக்கம் அந்த வாய்க்கு நன்கு தெரியும் என்பதைக் காட்டுகின்றன. உதடு குவிந்த பிறகும் நாக்கை முன்னேயே நிறுத்திவைப்பது ஒன்றுதான் புதிதாகக் கற்க வேண்டியது.

துறைமுக வட்டாரத்திற்கே உரிய ஒரு பின்னணியையும் இங்கே கருத வேண்டும். கடல்தொழிலில் இருப்போர் ஏற்கெனவே ஓர் அயல்மொழித் தொடர்த்தொகுதியைக் கற்கின்றனர். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001 நவம்பரில் ஏற்றுக்கொண்ட தரப்படுத்திய கடல் தகவல்தொடர்பு ஆங்கிலத் தொடர்கள் அவை. கப்பலின் காவல்பணி அதிகாரிகள் அவற்றை அறிந்திருப்பது கட்டாயம். ‘கூடும்’, ‘முடியும்’, ‘செய்யலாம்’ எனப் பொருள் இரட்டிக்கும் துணைவினைகளைத் தவிர்க்க வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை விதிகளுள் ஒன்று. மூடுபனியில் எதிரே வரும் கப்பலிடம் ‘சற்று இடப்பக்கம் திரும்ப முடியுமானால் நன்றாக இருக்கும்’ என்று யாரும் சொல்லக் கூடாது; ஐயத்திற்கு இடமின்றி நேரடியாகச் சொல்ல வேண்டும். பணிவின் கருவிகளான ஐயம், சுற்றுவழி, நிபந்தனை ஆகிய மூன்றையும் வேண்டுமென்றே களைந்து செய்த மொழி அது. ஜெர்மன் பொது இடப் பேச்சு கேட்பதோ களைந்த அந்த மூன்றையும்தான். வார்ப்பாலையின் இரைச்சலிலும் சரக்குப் பெட்டக லாரிகளின் நடுவிலும் குரல் உயர்த்தி, சுருக்கமாக, கட்டளை வடிவில் பேசிப் பழகியவர் முரடர் அல்லர். அவர் சூழலுக்கு ஏற்ற மொழியைத் தேர்ந்தவர். அந்தத் தேர்வை வேறு சூழலில் மாற்றிக்கொள்ளும் திறனும் அவருக்கு உண்டு என்று நம்பிக் கற்பிப்பதே முறை.

தேர்வு முறையும் இந்தக் கல்வியின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. மியூனிக்கில் 1951இல் தொடங்கப்பட்ட கோதே நிறுவனம், இந்தியாவில் மாக்ஸ் முல்லர் பவன் என்ற பெயரில், நுங்கம்பாக்கத்திலும் இயங்குகிறது. அதன் ‘ஏ1’ பேச்சுத் தேர்வின் மூன்றாம் பகுதி, கோரிக்கை வைப்பதும் அதற்கு விடையளிப்பதும் ஆகும். தேர்வர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, பொருள்களின் படம் வரைந்த அட்டையை எடுத்து, அப்பொருளைப் பற்றி ஒரு வேண்டுகோளை அமைத்து மற்றொருவரிடம் கேட்க வேண்டும். பேனாவின் படம் வந்தால், ‘உங்கள் பேனாவைக் கொஞ்சம் தர முடியுமா?’ என்பதுபோல். தொடக்கநிலைத் தேர்வு ஒன்று பணிவான கோரிக்கைக்குத் தனிப் பகுதியே ஒதுக்கியிருப்பது பாராட்டத் தக்கது. ஆனால் அம்மேசையில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தபடி, முறை வரக் காத்திருக்கின்றனர். யாருடைய தனிமையிலும் யாரும் குறுக்கிட வேண்டியதில்லை. எனவே உண்மையான பொது இடத்தில் முதலில் தேவைப்படும் ‘எண்ட்ஷுல்டிகுங்’ அங்கே தேவைப்படுவதில்லை, மறுப்பு விடையைப் புரிந்துகொள்வதும் அரிதாகவே தேவைப்படுகிறது. தேர்வில் தேறியவர் ரயிலில் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம். தேர்வுக்கு மட்டுமே ஆயத்தம் செய்யும் பயிற்சி நிலையங்கள் இந்த இடைவெளியை நிரப்பப் போவதில்லை.

பெயரும் ஒரு சிக்கல். ஜெர்மனியில் ‘ஸீ’ சொல்லும் உறவில் ஒருவரைக் குடும்பப் பெயரால்தான் அழைப்பர்; ஆணுக்கு ‘ஹெர்’, பெண்ணுக்கு ‘ஃப்ராவ்’ முன்னே வரும். குடும்பப் பெயர் இல்லாத தமிழரின் கடவுச்சீட்டில் தந்தை பெயரோ கணவர் பெயரோ அந்த இடத்தில் அமைந்துவிடுவதால், அலுவலகக் காத்திருப்பு அறையில் ‘ஃப்ராவ் முனுசாமி’ என்று அழைப்பு வரும்போது, அழைக்கப்படுவது தானே என்று அந்தப் பெண்ணுக்கு உறைக்கச் சற்று நேரம் பிடிக்கும். ஈழத்திலிருந்து 1980களில் போரின் காரணமாகச் சென்று குடியேறிய தமிழர் இதையெல்லாம் முன்னரே கடந்தவர்கள். அவர்களின் யாழ்ப்பாணப் பேச்சில் ‘நீர்’ என்னும் இடைப்படி இன்னும் உயிரோடு இருப்பதால், மூன்று படிகளை இரண்டாகச் சுருக்கிக்கொள்ள வேண்டியிருந்தது; நீ, நீங்க என்ற இரண்டு படிகளோடு செல்லும் சென்னைக்காரருக்கு அந்தச் சுமையும் இல்லை.

செவிலியராகச் செல்பவருக்குப் பணிவுரையின் கடைசிப் பாடம் ரயிலிலோ கடையிலோ இல்லை, நோயாளியின் கட்டிலருகே இருக்கிறது. ஜெர்மன் மருத்துவமனைகளில் செவிலியரை ‘ஷ்வெஸ்டர்’, அதாவது சகோதரி என்று அழைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஸ்டான்லியில் ‘சிஸ்டர்’ என்று அழைக்கப்பட்டுப் பழகியவருக்கு அது தாய்வீட்டுச் சொல்போல் கேட்கும். 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த செவிலியர் தொழிற்சட்டம் உறவுப்பெயர் கலவாத புதிய பணிப்பெயரைத் தந்துவிட்ட போதிலும், முதிய நோயாளிகள் வாயில் பழைய விளியே நிற்கிறது. இதை வைத்து எதிர்த்திசையிலும் உறவுச்சொல் செல்லும் என்று புதியவர் எண்ணிவிடக் கூடும். ராயபுரத்தில் எண்பது வயது மூதாட்டியிடம் ‘பாட்டி, கொஞ்சம் திரும்பிப் படுங்க’ என்று சொல்லாமல் பெயர் சொல்லி அழைத்தால்தான் மரியாதைக் குறைவு. ஜெர்மனியில் அதே வயதுடையவரை ‘ஓமா’, அதாவது பாட்டி என்று அழைப்பது, வயது முதிர்ந்ததால் அவரைச் சிறுபிள்ளையாக்கி நடத்துவதாகக் கருதப்படுகிறது. பராமரிப்புப் பயிற்சியிலேயே அதைத் தவிர்க்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ‘ஃப்ராவ்’ என்ற சொல்லோடு குடும்பப் பெயரைச் சேர்த்து, ‘ஸீ’ என்று பன்மையில் விளித்து, ‘கென்ட்டன் ஸீ ஸிஹ் பிட்டெ மால் உம்ட்ரேயன்?’ என்று கேட்டால், ‘மால்’ என்ற இடத்தில் ‘கொஞ்சம்’ இருக்கிறது, ‘ஸீ’ என்ற இடத்தில் ‘ங்க’ இருக்கிறது. ‘பாட்டி’ மட்டும் ஊரிலேயே தங்கிவிட வேண்டும்.